2 சென்டிமீட்டர் பொம்மைக்கு எந்தப் பிரஷ் வாங்கலாம்?

கேள்வி (பண்டாரவளை):
அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்கள். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை 1:87 அளவு மாதிரியாகச் செய்கிறேன். பாலம் முடிந்தது, இப்போது பக்கத்து மலையில் கொழுந்து பறிக்கிற ஆட்களுக்கு நிறம் அடிக்கிற வேலை. ஓர் ஆள் 2 சென்டிமீட்டர்கூட வராது, அதில் தலையில் மாட்டிய கூடைக் கயிறு, இடுப்பில் கட்டிய படங்கு, பொட்டு எல்லாம் தெரிய வேண்டும். கடையில் கிடைக்கிற, 000 நம்பர் போட்ட மிகச் சின்ன நைலான் பிரஷ் சீக்கிரமே நுனி கொக்கி மாதிரி வளைந்துவிடுகிறது, பொம்மையில் வைக்கும் முன்பே அக்ரிலிக் பெயின்டும் காய்ந்துவிடுகிறது. இன்னும் சின்னதாக வாங்கவா, இல்லை விலங்கு முடியில் செய்கிற கொலின்ஸ்கி பிரஷுக்குக் காசு போடலாமா?

பதில் (ஹட்டன்):
தம்பி, சின்னதுக்குப் போகவே வேண்டாம். 000இல் முடி கொஞ்சம்தான், பிடிக்கிற பெயின்டும் ஒரு துளிதான், அதனால்தான் நுனியிலேயே காய்கிறது. கோடு மெலிசாக வருவது நுனியால், நம்பரால் இல்லை. நுனி கூராகச் சேர்கிற 1ஆம் நம்பர் போதும், அதன் பருத்த நடுப்பகுதியில் பெயின்ட் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நம்பரும் கம்பனிக்குக் கம்பனி மாறும், ஆகவே கண்ணால் பார்த்து வாங்குங்கள். புதுப் பிரஷைப் பசை போட்டுக் கூராக்கித்தான் விற்பார்கள், காய்ந்த நுனியை நம்ப வேண்டாம். கடையில் கொஞ்சம் தண்ணீர் கேட்டு, பசை போகக் கரைத்து, ஒரு உதறு உதறுங்கள். முடி தானாக ஒரே கூராகச் சேர்ந்தால் எடுங்கள், இரண்டாகப் பிரிந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

பதில் (கண்டி):
அண்ணா சொன்னது சரி. காசைப் பிரித்துப் போடுங்கள்: முகத்துக்கும் கோட்டுக்கும் கொலின்ஸ்கி 1 ஒன்றே ஒன்று, மற்றதுக்கெல்லாம் மலிவு நைலான். வின்சர் அன் நியூட்டன் சீரிஸ் 7, ரஃபேல் 8404, டா வின்சி மேஸ்ட்ரோ மூன்றும் நல்லவை. சீரிஸ் 7 என்பது 1866இல் விக்டோரியா மகாராணிக்காகச் செய்யத் தொடங்கியது, இன்றும் வருகிறது. அதிலேயே ‘மினியேச்சர்’ என்று ஒன்று விற்கிறார்கள், பெயரைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள், முடி கட்டை, பெயின்ட் தங்காது. தங்க, வெள்ளி நிறங்களையும் பெயின்ட் கலக்குவதையும் நைலானோடு நிறுத்துங்கள். கொலின்ஸ்கியில் முடியின் பாதிக்கு மேல் பெயின்ட் ஏறவே கூடாது, முடியைச் சேர்த்துப் பிடித்திருக்கிற தகரப் பிடிக்குள் போய்க் காய்ந்தால் முடி விரிந்துவிடும், அப்புறம் அது கூராகச் சேராது. வளைந்த நைலானை எறியாதீர்கள், நுனியைச் சுடுதண்ணீரில் காட்டி நீவினால் ஓரளவு நிமிரும்.

கேள்வி (பண்டாரவளை):
ரொம்ப நன்றி. இங்கே மிஸ்ட் இறங்கினால் துணியே காயாது. இயற்கை முடி பூஞ்சணம் பிடிக்காதா?

பதில் (ஹட்டன்):
ஈரத்தோடு மூடிவைத்தால் பிடிக்கும். பச்சைத் தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, விரலால் நுனியைக் கூராக்கி, படுக்கவைத்துக் காயவிடுங்கள். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் தகரத்துக்குள் இறங்கும். அந்தப் பிளாஸ்டிக் குழாய் மூடியை நன்றாகக் காய்ந்த பிறகுதான் போட வேண்டும், போடும்போது ஒரு முடி மடங்கினாலும் நுனி போச்சு. நாள்கணக்கில் எடுக்காமல் வைப்பதென்றால் டப்பாவில் போட்டு மூடுங்கள், அந்துப்பூச்சிக்கு இந்த முடி பிடிக்கும். பொட்டு வைக்கும்போது பிரஷில் பெயின்டை எடுத்து, டிஷூவில் உருட்டி நுனியைச் சேர்த்து, கட்டைவிரல் நகத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்துவிட்டு உடனே முகத்தில் தொடுங்கள். கண்ணுக்கு வெள்ளை வேண்டாம், இந்த அளவில் ஒரு கரும்பழுப்புக் கோடே போதும்.