அமெரிக்கா ஃபர்ஸ்ட் கமிட்டிக்குள் நாஜி ஆதரவு: உண்மையா, கட்டுக்கதையா?

வேதா: அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்கக்கூடாது என்று 1940ல் கிளம்பிய அமெரிக்கா ஃபர்ஸ்ட் கமிட்டியில் சுமார் 8 லட்சம் பேர் இருந்தார்களாம். இத்தனை பேரும் ஹிட்லர் அபிமானிகளா? இல்லை அப்போதைய ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் ஆட்கள் கிளப்பிவிட்டதா? கையும் களவுமாக யாராவது சிக்கினார்களா?

ராகவன்: முக்கால்வாசிப் பேர் முதல் உலகப்போரில் பட்டதே போதும் என்றிருந்த சாதாரண ஜனங்கள்தான். ஆரம்பித்தது யேல் பல்கலைக்கழக மாணவர்கள், பிற்பாடு ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்டு உட்பட. சோஷலிஸ்ட் நார்மன் தாமஸே அவர்கள் மேடையில் பேசியிருக்கிறார். ஆனால் 1941 செப்டம்பரில் டி மாய்ன் நகரில், கமிட்டியின் நட்சத்திரப் பேச்சாளரான பிரபல விமானி லிண்ட்பெர்க், நாட்டைப் போருக்குள் தள்ளுகிறவர்கள் என்று பிரிட்டிஷார், ரூஸ்வெல்ட் நிர்வாகத்தோடு யூதர்களையும் சேர்த்துச் சொன்னார் பாருங்கள், அதோடு பெயர் நாறிப்போனது.

முத்து: பேச்சை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது, மாட்டிவிட்டது தபால்தான். வியரெக் என்று ஜெர்மனியிடம் காசு வாங்கிய பிரசாரகர் ஒருவர். அவர் கைவண்ணத்தில் போர் எதிர்ப்புப் பேச்சு தயாராகும், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் யாராவது தன் பேச்சாக அதை அவைக் குறிப்பில் ஏற்றுவார், பிறகு அதையே மறுபதிப்பு போட்டு, உறுப்பினர்களுக்கு உள்ள இலவசத் தபால் சலுகையில் மூட்டை மூட்டையாக அனுப்புவார்கள். அதாவது ஹிட்லர் பிரசாரத்துக்குத் தபால் செலவு அமெரிக்க அரசுடையது! வழக்கு போடலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரியின் விசாரணை நெருங்கியதும் மூட்டைகளை அவசரமாக இடம் மாற்றினார்கள். வாஷிங்டன் போஸ்ட் நிருபர் தில்லார்ட் ஸ்டோக்ஸ் மோப்பம் பிடித்துவிட்டார். சில மூட்டைகள் ஹாமில்டன் ஃபிஷ் என்ற எம்.பி.யின் ஸ்டோர் ரூமுக்கும், சில இந்தக் கமிட்டியின் வாஷிங்டன் அலுவலகத்துக்கும் போயிருந்தன. ஃபிஷ் மேல் வழக்கு இல்லை, அவருடைய குமாஸ்தா ஜார்ஜ் ஹில்தான் பொய்ச் சாட்சி சொன்னதற்காக 1942 ஜனவரியில் தண்டனை வாங்கினார். இந்த மாதிரி விவகாரத்தில் எப்போதும் குமாஸ்தாதானே மாட்டுவார்!

வேதா: தபால் விஷயம் தெரியவே தெரியாது. சரி, மேடை ஏறியவர்களில் யாரும் மாட்டவில்லையா?

முத்து: லாரா இங்கல்ஸ். பிரபல விமானி, கமிட்டிக் கூட்டங்களில் பேசியவர். ஜெர்மன் தூதரக ஆளிடம் பணம் வாங்கிக்கொண்டு அந்நிய ஏஜென்ட் என்று பதிவு செய்யாததால் 1942ல் சிறை.

ராகவன்: இதை வைத்து எல்லாரையும் ஒரே கூடையில் போட்டதும் நடந்தது. 1944ல் நாஜிகளுடன் சேர்ந்து சதி செய்ததாக முப்பது பேர் மீது ராஜத்துரோக வழக்கு போட்டு மாதக்கணக்கில் இழுத்தார்கள், நடுவில் நீதிபதி இறந்துபோக, தீர்ப்பே இல்லாமல் முடிந்தது.