மூப்பின்மையா, மூப்பேறாமையா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வயது கூடினாலும் இறப்பு வாய்ப்பு கூடாத உயிரினங்களின் இயல்புக்கு 'மூப்பின்மை' என்னும் தமிழ்க் கலைச்சொல் முன்வைக்கப்பட்டு, கிரீன்லாந்துச் சுறாவும் முடியில்லா அகழெலியும் அதற்கு எடுத்துக்காட்டுகளாகத் தரப்பட்டுள்ளன. இவ்விரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

சுறாவுக்கு அளக்கப்பட்டது ஆயுளின் நீளம். விழிவில்லையின் நடுப்பகுதி பிறப்பதற்கு முன்பே உருவாகிப் பின்னர் மாறாதிருப்பதால், அதிலுள்ள கதிரியக்கக் கரிமத்தை (கார்பன்-14) அளந்து, 28 பெண் சுறாக்களின் வயதை 2016இல் ஆய்வாளர்கள் கணித்தனர். அவற்றுள் ஐந்து மீட்டர் நீளமிருந்த மிகப் பெரிய சுறாவுக்கு வயது 392 என்றும், பிழை வரம்பான 120ஐக் கழித்தாலும் 272 என்றும் விடை வந்தது; பெண் சுறா இனப்பெருக்கப் பருவத்தை எட்டவே ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகுமாம். வியப்புக்குரிய எண்கள்தாம். ஆயினும் முதிய சுறா இளைய சுறாவைவிட எளிதில் இறக்கிறதா என்னும் கேள்விக்கு இவ்வளவீடு விடை தருவதில்லை. இதற்கு 'நெடுவாழ்வு' என்பதே போதும்.

அகழெலியின் செய்தி வேறு. கிழக்கு ஆப்பிரிக்க மண்ணுக்கடியில் கூட்டமாக வாழும் இச்சிறு கொறிவிலங்கு, வளர்ப்பில் 30 ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறது. சுறாவின் ஆயுளோடு ஒப்பிட்டால் அது சிறிய எண்ணே. ஆனால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அகழெலிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான கட்டுரை, பருவமடைந்த பின் அவற்றின் இறப்பு வாய்ப்பு வயதோடு ஏறவில்லை என்று காட்டியது. மனிதருக்கோ, நடுவயது தொடங்கி ஏறத்தாழ 8 ஆண்டுக்கு ஒருமுறை அது இரட்டிக்கிறது. நாம் பெயரிட வேண்டியது இந்த ஏறாமைக்குத்தான்.

'மூப்பின்மை' என்றால் மூப்பே கிடையாது என்று பொருள்படும். அகழெலிக்கு அவ்வளவு சொல்ல அந்த ஆய்வு இடந்தரவில்லை. எனவே 'மூப்பேறாமை' என்று வழங்கலாம். வயதேறியவர் என்று நாம் நாள்தோறும் சொல்வதால் 'ஏறு' என்னும் வினை இங்கே அயலாகத் தோன்றாது. வயதுக்கேற்ற இறப்பு வாய்ப்பை வரைபடமாக்கினால் கோடு மேலே செல்லாமல் கிடையாக நிற்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. 'மூப்பேறா உயிரி', 'மூப்பேற்ற வீதம்' என்று வேண்டிய சொற்கள் இதிலிருந்து இயல்பாகக் கிளைக்கும். மூப்பையும் சாக்காட்டையும் வேறுவேறாக எண்ணிவந்த மொழியில், இவ்வியல்பைச் 'சாவின்மை' என்று முன்னர் ஒருவர் எழுதியதை நாம் அறவே தவிர்க்க வேண்டும்.

வயதுவாரியான இறப்புக் கணக்கு சுறாவுக்கும் கிடைக்கும்போது, அதனை இச்சொல்லின் கீழ்ச் சேர்ப்பதா என்று பார்ப்போம். அதுவரை அகழெலியை மட்டும் எடுத்துக்காட்டாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.