மாடல் பார்க்க வந்தவங்கள்ல உங்களால மறக்க முடியாத ஆள் யாரு? போர்க்கப்பல் மாடல் கட்டறவங்க அனுபவப் பகிர்வு

வணக்கம் மக்களே. கட்டி முடிச்ச கப்பலைக் கண்காட்சிக்குத் தூக்கிட்டுப் போய் மேசைல வச்சா நாலு பேர் வருவாங்க, நாற்பது கேள்வி கேப்பாங்க. "இது தண்ணில ஓடுமா", "எல்லாம் தீக்குச்சியா", "இதுக்கெல்லாம் எப்படிங்க டைம் கிடைக்குது" இந்த மூணையும் விட்டுடுங்க, அது எல்லாருக்கும் நடக்கறது, கேக்கறவங்களும் பதிலுக்கு நிக்கறதில்ல. அதைத் தாண்டி யாராவது வந்து நின்னு பேசினதைப் போடுங்க.

நானே ஆரம்பிக்கிறேன். என் 1/350 (நிஜத்துல 350ல ஒரு பங்கு) ஃப்ளெட்சர் க்ளாஸ் டிஸ்ட்ராயர், ரெண்டாம் உலகப்போர் கால அமெரிக்கப் போர்க்கப்பல், நீளம் 33 செ.மீ. தான், துறைமுகத்துல நிக்கற மாதிரி வச்சிருந்தேன். பக்கத்து மேசைல நண்பர் ஒருத்தர் அதே க்ளாஸ் கப்பலையே அலை, நுரை எல்லாம் செஞ்சு ஃபுல் ஸ்பீடுல போற மாதிரி வச்சிருந்தார், கூட்டம் பூரா அங்கதான். அப்ப ஒரு பெரியவர் வந்தார், கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு ரொம்ப நேரம் குனிஞ்சு பார்த்துட்டு "தம்பி, இது ஓடுதா நிக்குதா"ன்னார். நண்பர் "ஓடுதுங்க ஐயா"ன்னார் பெருமையா. "அப்ப மூக்குல எதுக்குக் கொடி?"

விஷயம் என்னன்னா அமெரிக்க நேவில முன்பக்கம் பறக்கற ஜாக் கொடி கப்பல் நங்கூரம் போட்டோ கட்டியோ நிக்கும்போதுதான். பின்னாடிக் கொம்புல தேசியக் கொடி இருக்கறதும் அப்பதான். கிளம்பிட்டா ஜாக்கை இறக்கிடுவாங்க, தேசியக் கொடி உயரமா நிக்கற மாஸ்ட்டுக்குப் போயிடும். பெரியவர் கப்பல்ல வேலை பார்த்தவராம், எந்தக் கப்பல்னு கேட்டதுக்கு சிரிச்சாரே தவிர சொல்லல.

அப்புறம் என் பக்கம் திரும்பி ஹல்லை, அதான் கப்பலோட வெளி உடம்பைக் காட்டி துருவைப் பத்தி ஒரு க்ளாஸே எடுத்தார். நங்கூரச் சங்கிலி வெளிய வர்ற ஓட்டைக்குக் கீழ துரு வழியும், டெக் தண்ணி வெளிய வர்ற துளைக்குக் கீழ வழியும், படகு உரசற இடத்துல பெயிண்ட் போகும், மத்த இடத்துல பெரும்பாலும் உப்புப் படிஞ்சு வெளுத்துப்போகும், அவ்வளவுதான், "தண்ணி எங்க இறங்குதோ அங்கதான் துரு இறங்கும், நீங்கள்லாம் ஜன்னலுக்கு ஜன்னல் கோடு போடறீங்க"ன்னார். அந்த ஹால்ல இருந்த பாதிக் கப்பலுக்கு அது பொருந்தும்.

*

செம டாபிக் ப்ரோ. நான் மேசைல வைக்கற ஸ்டேடிக் மாடல் ஆள் இல்ல, ஆர்சி காம்பாட். தெரியாதவங்களுக்கு: 1/144 ஸ்கேல்ல ரேடியோ கன்ட்ரோல் போர்க்கப்பல் கட்டி, குளத்துல விட்டு, நிஜமாவே சுட்டு மூழ்கடிக்கற ஆட்டம் இது. ஹல்லுல வரிசையா ஜன்னல் வெட்டி அது மேல மெல்லிசு பால்சா மரத்தகடு ஒட்டியிருப்போம், துப்பாக்கி கார்பன் டை ஆக்சைடு கேஸ்ல சின்ன இரும்புக் குண்டு அடிக்கும், பால்சால ஓட்டை விழுந்து தண்ணி ஏறும், உள்ள ஒரு பம்ப் அதை வெளிய தள்ளிட்டே இருக்கும், பம்ப் தோத்தா கப்பல் காலி. மூழ்கினா ஒரு மிதவை கயிறோட மேல வரும், அதைப் பிடிச்சு இழுத்து எடுத்துடலாம். கரைல நிக்கற எல்லாருக்கும் கண்ணாடி கட்டாயம், இதுல மட்டும் சமரசமே கிடையாது.

ஒரு நாள் என் பிஸ்மார்க், ஜெர்மன் போர்க்கப்பல், அடி வாங்கிட்டு இருக்கு (இந்த ஸ்கேல்ல 1.74 மீட்டர் நீளம், சின்ன சாமான் இல்ல), வாக்கிங் வந்த ஒரு அம்மா நின்னுட்டாங்க. பின்பக்கம் தாழுது, நான் ரிமோட்டோட கத்திட்டு இருக்கேன், அவங்க என் கையைப் பிடிச்சு "ஏம்ப்பா அது முழுகுதே, ஒருத்தரும் போய்த் தூக்க மாட்டீங்களா"ன்னு பதறிட்டாங்க. முழுகடிக்கறதுதாம்மா ஆட்டமேன்னு சொன்னா நம்பவே இல்ல. வெளிய எடுத்ததும் அவங்களே ஓட்டையை எல்லாம் விரல் விட்டு எண்ணிப் பார்த்துட்டு, சுட்ட பையன்கிட்ட போய் "நீ ஏன் அந்தத் தம்பி கப்பலையே சுடற"ன்னு திட்டினாங்க பாருங்க! புது பால்சா ஒட்டி மறுபடி தண்ணில விடறதைப் பார்த்துட்டுத்தான் கிளம்பினாங்க.

*

எங்க வீட்ல தூசி தட்டறவங்கதான் மறக்க முடியாத ஆள். எந்த நாட்டு நேவியும் முறிக்க முடியாத மாஸ்ட்டை ஒரே துணியால முறிச்சாங்க. எல்லாரும் அக்ரிலிக் பெட்டி வாங்கிடுங்க, சொல்லிட்டேன்.

*

எனக்கு கலர் ஆசாமிங்கதான். என் யமாட்டோ (ரெண்டாம் உலகப்போர் ஜப்பான் போர்க்கப்பல்) முன்னாடி முன்ன பின்ன தெரியாத ரெண்டு பேர் சண்டை போட்டாங்க, நான் வேடிக்கை பார்த்தேன். கலர் குரே கிரே. ஜப்பான் கப்பல் கட்டற தளம் குரே, சசேபோ, மைசுரு, யோகோசுகான்னு தளத்துக்கு ஒரு கிரே, கடையில தனித்தனி பாட்டில்லயே விக்கறான். ஒருத்தர் இது வெளிர்ங்கறார், இன்னொருத்தர் இல்ல இருட்டுங்கறார், அப்புறம் கடைசிப் பயணத்துல டெக் கறுப்பா மரநிறமான்னு ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் போனை எடுத்து குரே மியூசியத்துல இருக்கற 26.3 மீட்டர் யமாட்டோ, அந்த 1/10 மாடல், அதோட போட்டோவை ஆதாரமா நீட்டினார். மத்தவர் அசரல, "அதுவும் மாடல்தானேங்க"ன்னார். அதுக்கு மேல யார் என்ன பேசறது. போர் முடியறப்ப ஆவணத்துல நிறைய அழிச்சுட்டாங்க, மிச்ச போட்டோவும் கறுப்பு வெள்ளை, அந்தக் கால ஃபிலிம்ல சிலதுல சிவப்பு கறுப்பா விழும், நீலம் வெளுப்பா விழும்.

என் கட்சி இதுதான்: அமெரிக்காக்காரன் வெள்ளை பேஸ்ல 5-டிஎம்னு ஒரு சாயப் பேஸ்ட்டைக் கலந்துதான் நேவி ப்ளூ, ஓஷன் கிரே, ஹேஸ் கிரே எல்லாம் எடுத்தான். கொஞ்சம் கூட ஊத்தினா ஒரு நிறம், கம்மியா ஊத்தினா இன்னொண்ணு. கலக்கினவன் கை நடுங்கியிருந்தா? அதுக்கப்புறம் வெயிலு உப்பு வேற. கலர் அட்டையை வச்சுக்கிட்டு என் கப்பல் பக்கத்துல நீட்டறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்றது, ஒருத்தரும் ஒத்துக்கிட்டதில்ல.

*

நம்மது கொஞ்சம் வேற மாதிரி. பிஸ்மார்க் மூழ்கடிச்ச பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஹூட், 1/350, 75 செ.மீ. ஒரு நடுத்தர வயசு ஆள் வந்தார், கலர் கேக்கல, கிட் எந்த கம்பெனின்னு கேக்கல. "கொதிகலன் ரூம் எங்க இருக்கும்"னு கேட்டார். புகைபோக்கிக்குக் கீழ, தண்ணிமட்டத்துக்கும் கீழ சார், வெளிய தெரியாதுன்னேன். அவரோட தாத்தா கூடப் பிறந்தவர் அங்க வேலையாம். 1941 மே 24ல ஹூட் போனப்ப 1,418 பேர்ல 3 பேர்தான் பிழைச்சாங்க, அந்த மூணுல அவர் இல்ல. அங்கிருந்து மேல டெக்குக்கு ஏறி வர எவ்வளவு நேரம் ஆகும், எந்தப் பக்கம் ஏணின்னு கேட்டுட்டே இருந்தார், எனக்குத் தெரிஞ்ச மட்டும் ப்ளானை விரிச்சுக் காட்டினேன். பீரங்கி, கேப்டன் நிக்கற பாலம் எதையும் எடுக்காம ரெண்டு புகைபோக்கிக்கு நடுவுல மட்டும் கிட்டத்துல ஒரு போட்டோ எடுத்துக்கிட்டார். "பிஸ்மார்க் ஒரே குண்டுல தூக்கிடுச்சு"ன்னு ஜாலியா விளக்கிட்டு இருந்த எங்க கோஷ்டி ஆள் ஒருத்தர் நைசா நகர்ந்துட்டார்.

*

நான் இந்த ஹாபிக்குப் புதுசு. எனக்கு அமைஞ்சது ஒரு சீனியர் அண்ணன். ஃபோட்டோ எட்ச் (அமிலத்துல அரிச்சு எடுத்த மெல்லிசு தகடு) பித்தளை ரெயிலிங்கை வளைக்கத் தெரியாம உட்கார்ந்திருந்தேன், அண்ணன் துண்டை வாங்கி மெழுகுவத்தி மேல ஒரு காட்டு காட்டினார், பித்தளை கொஞ்சம் நிறம் மாறி மெத்துனு ஆயிடுச்சு, பேனா மேல வச்சு விரலால உருட்டினதும் மூக்கு வளைவுக்கு அப்படியே உட்கார்ந்துச்சு. ரெயிலிங்குக்கு சூப்பர் க்ளூ வேண்டாம், வெள்ளைப் பசை போடு, நகர்த்த நேரம் கொடுக்கும், வழிஞ்சாலும் ஈரக் குச்சியால துடைச்சுக்கலாம்னார். ரிக்கிங்குக்கு, அதான் மாஸ்ட்ல கட்டற கயிறு கம்பிக்கு, ஸ்ப்ரூவை (கிட் பாகங்களைப் பிடிச்சிருக்கற பிளாஸ்டிக் குச்சி) சூடு காட்டி, பளபளன்னு வந்ததும் தீயை விட்டு எடுத்து இழுக்கணும், தீயிலேயே வச்சு இழுத்தா அறுந்துடும், இதையும் அவர்தான் கையைப் பிடிச்சு செஞ்சு காட்டினார்.

இதுல கூத்து என்னன்னா அண்ணன் தன்னோட 1/700 கப்பல் எதுக்கும் ரெயிலிங்கே போடறதில்ல. கேட்டா கணக்கு சொல்றார்: ஒரு மீட்டர் உயர ரெயிலிங் 1/700ல 1.4 மி.மீ. தான், பித்தளைக் கம்பி 0.1 மி.மீ. இருந்தாலே நிஜக் கப்பல்ல 7 செ.மீ. குழாய் ஆயிடும், எந்தக் கப்பல்ல அவ்வளவு தடிமனா வேலி போட்டிருந்தான்னு. அப்புறம் எதுக்குண்ணே எனக்கு சொல்லிக் கொடுத்தீங்கன்னா, "நீ காசு கொடுத்து வாங்கிட்டியே"ங்கறார்.