கிணறு வெட்டும்போது கையில் உதிர்ந்த பாறை

கிருஷ்ணகிரிக்காரர்:
எங்கள் காட்டில் கிணறு வெட்டினோம். மேலே செம்மண், அதற்குக் கீழே கிராவல், அப்புறம் சுக்காம்பாறை, கடைசியில்தான் வெடி வைக்க வேண்டிய கருங்கல். நாலும் வேறு வேறு என்றே நினைத்திருந்தேன். மேஸ்திரி சுக்காம்பாறைத் துண்டு ஒன்றைக் கொடுத்து, "கையால நசுக்கிப் பாருங்க தம்பி" என்றார். அடியில் கிடந்த கருங்கல்லில் இருந்த அதே வெள்ளை, கறுப்புப் பட்டைகள் அதிலும் இருந்தன. ஆனால் அழுத்தியதும் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. ஒரே கருங்கல்தான் மேலே போகப் போகச் சிதைந்திருக்கிறது.

உதிர்ந்ததை ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி வெளுத்தது. அது பெல்ஸ்பார் என்ற கனிமம் சிதைந்த களி. உடைத்த கருங்கல்லில் தட்டையான முகத்தோடு மினுங்கும் வெள்ளை, இளஞ்சிவப்புப் பகுதிதான் பெல்ஸ்பார். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி இறங்குகிறது. பெல்ஸ்பாரின் பொட்டாசியமும் சோடியமும் அதில் கரைந்து போய், மிச்சம் களிமண்ணாகிறது.

சொம்பில் கடைசிவரை சுழன்றுகொண்டிருந்தவை காக்காப்பொன் செதில்கள். கருங்கல்லில் கன்னங்கரேலென்று இருக்கும் பயோடைட் என்ற காக்காப்பொன் வகை இங்கே பித்தளை நிறத்துக்கு வந்திருந்தது. அதிலிருந்த இரும்புதான் துருவாகி மேலே செம்மண்ணுக்கு நிறம் கொடுத்திருக்கிறது. அடியில் நறநறவென்று தங்கியது வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். அதன் மேல் ஒரு கீறல்கூட இல்லை!

எந்தக் கனிமம் முதலில் சிதையும் என்பதை சாமுவேல் கோல்டிச் என்ற நிலவியலாளர் 1938-லேயே வரிசைப்படுத்தியிருக்கிறார். பாறைக் குழம்பிலிருந்து அதிக வெப்பத்தில் முதலில் உறைந்த ஒலிவின் போன்ற கனிமங்கள் சீக்கிரம் சிதையும், குவார்ட்ஸ் கடைசிவரை நிற்கும். படித்தபோது மனதில் நிற்காத வரிசை, சொம்பில் பார்த்ததும் பதிந்துவிட்டது.

தாழையூத்துப் பக்கத்துக்காரர்:
வெள்ளையாக இருந்தால் வெங்கச்சங்கல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எங்கள் பக்கம் சுண்ணாம்புப் பாறை அதிகம். நான் எடுத்து வந்த வெள்ளைக் கல்லில் பேனாக்கத்தி சுலபமாகக் கோடு போட்டது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, அதில் கத்தி வழுக்கும். இது 3 உள்ள கால்சைட், சுண்ணாம்புப் பாறையின் கனிமம். தட்டினால் சாய்ந்த கட்டங்களாகப் பிளந்தது. பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்தது. மழைக்கு இது களியாவதில்லை, கரைந்தே போய்விடும்.

மணவாளக்குறிச்சியிலிருந்து:
நீங்கள் சொன்னதன் மறுமுனையில் நான் இருக்கிறேன். மழை முடிந்து அலை அடங்கும்போது எங்கள் கரையில் கறுப்பும் சிவப்புமாக மணல் வரி வரியாகப் படியும். கறுப்பு பெரும்பாலும் இல்மனைட் என்ற கனிமம், சிவப்பு கார்னெட் என்ற கனிமம். மலையில் பாறை சிதைந்தபோது இவை சிதையவில்லை. ஆறு இவற்றைக் கொண்டுவந்து கடலில் சேர்த்துவிட்டது. குவார்ட்ஸைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம் என்பதால், அலை திரும்பும்போது குவார்ட்ஸ் மணல் போய்விட இவை தங்கிவிடும். அண்ணே, உங்கள் சொம்பின் அடியிலும் கறுப்புத் துகள் இருந்ததா? காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி ஓட்டிப் பாருங்களேன்.

கிருஷ்ணகிரிக்காரர்:
ஓட்டிப் பார்த்தேன். காகிதத்தில் கடுகில் பாதி அளவுகூட இல்லாத பத்துப் பன்னிரண்டு துகள்கள் முள் முள்ளாக எழுந்து நின்றன. காந்தம் வலுவாக இழுக்கும் இரும்புக் கனிமமான மேக்னடைட்டாகத்தான் இருக்கும், ஏனென்றால் இல்மனைட் இவ்வளவு வேகமாக ஒட்டாது. மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.