ரயில் கண்டக்டர் வேலையில் இருப்பவர்கள் யாராவது உண்டா?

வணக்கம். ரயிலில் கண்டக்டராகச் சேர வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. டிக்கெட் பார்ப்பதுதான் வேலை என்று நினைத்திருந்தேன், விசாரித்தால் கதவுகளைக் கவனிப்பது, எல்லோரும் ஏறியாயிற்று என்று டிரைவருக்கு சிக்னல் கொடுப்பது, வழியில் ரயில் நின்றுபோனால் பயணிகளைப் பத்திரமாக இறக்குவது என்று பாதுகாப்புப் பொறுப்பே பெரிதாக இருக்கிறது. சிவப்பு, பச்சை பிரித்தறிய வேண்டுமே, அதனால் நிறப்பார்வைப் பரிசோதனை உண்டாம். எனக்குக் கண்ணாடி உண்டு, நிறத்தில் குழப்பமில்லை, சிக்கல் வருமா? அப்புறம், ராத்திரி ஷிப்டும் பண்டிகை நாள் டியூட்டியும் உங்களுக்கு எப்படிப் பழகின? வகுப்பு முடிந்து சீனியரோடு ரயிலில் போய்ப் பழகும் நாட்களில் எதில் தடுமாறினீர்கள்? டிக்கெட் இல்லாமல் சண்டைக்கு வருபவரைத் தனியாக எப்படிச் சமாளிப்பது? உண்மையில் எனக்கு அதுதான் பயம். அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.