கறை எதுவும் போடாத பிளாங்கில் (சரிபார்ப்புக்கு ஓட்டும் குழாயில்) எச்சில் வந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

கயல்:
நெதர்லாந்தில் தடயவியல் பயிற்சியில் இருந்தபோது நடந்தது. டி.என்.ஏ. ஆளைச் சொல்லும், அது ரத்தத்தில் இருந்து வந்ததா எச்சிலில் இருந்தா என்று சொல்லாது, அதற்குத்தான் ஒரே கறைத் துண்டில், எந்தத் திரவம் என்று காட்டும் ஆர்.என்.ஏ.வையும் சேர்த்து எடுக்கிறோம், இதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். அன்றைக்குப் பயிற்சிக்காகக் கொடுத்தது தலையணை உறைத் துண்டு. எம்.எம்.பி.10, எம்.எம்.பி.11 என்ற ஆர்.என்.ஏ. மார்க்கர்கள் (அடையாளங்கள்) இரண்டும் வரைபடத்தில் கூராக எழுந்து நின்றன. மாதவிடாய் ரத்தம்! மூக்கில் வடிந்த ரத்தம் என்றால் பொதுவாக அவை வராது. அந்தச் சந்தோஷத்திலேயே அடுத்த வரியைப் பார்க்கிறேன், தண்ணீர் மட்டும் வைத்த பிளாங்கில் ஸ்டாத் குன்று மாதிரி நிற்கிறது. எச்சில் மார்க்கர். பின்னால் நின்ற மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்லவில்லை, தன் முகக்கவசத்தை ஒரு விரலால் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். ஆனால் அன்றைக்கு நான் யாரோடும் வாயே திறக்கவில்லை. மூன்று வருடமாக அதுதான் உறுத்துகிறது.

பெட்ரி தட்டு:
இன்னொரு எச்சில் மார்க்கரான எச்.டி.என்.3 வந்ததா? அதைச் சொல்லாமல் எப்படி எச்சில் என்கிறீர்கள்? ஸ்டாத் மூக்குச் சளியிலும் வரும். கைக்குட்டைக் கறை ஒன்றை ஸ்டாத்தை மட்டும் நம்பி எச்சில் என்று எழுதிக் கொடுத்து, அறிக்கை முழுக்கச் சிவப்பு மையோடு திரும்பி வந்தது எனக்கு. இன்னொன்று, அந்த பீக் (வரைபடத்தில் எழுந்த கூர்) ஆர்.என்.ஏ.தானா? ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் நொதி) போடாத குழாய் ஒன்று ஓட்டினீர்களா? அதிலும் வந்திருந்தால் மிச்சம் இருந்த டி.என்.ஏ.

வார்டு பக்கம்:
நான் ஆய்வகம் இல்லை, மருத்துவமனையில் மாதிரி எடுத்து அனுப்புகிறவள். ஒருமுறை ஈர ஸ்வாபை (மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சியை) யாரோ பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டிவிட்டார்கள், திறந்தபோது பஞ்சில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை. டி.என்.ஏ. ஏதோ கிடைத்தது, ஆர்.என்.ஏ. சுத்தமாக இல்லை. அதனால் எல்லாரும் தயவுசெய்து ஸ்வாபை நிழலில், தனித்தனியாக, ஒன்றோடு ஒன்று படாமல் காயவிடுங்கள், வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள் (பிடிக்கிறார்கள்), பிறகு காகித உறையில் போடுங்கள், ஒரு பொருளுக்கு ஓர் உறை, கையுறையை ஒவ்வொரு மாதிரிக்கும் மாற்றுங்கள், ஏனென்றால் ஆர்.என்.ஏ.வைத் தின்கிற நொதி நம் விரல் வியர்வையிலேயே இருக்கிறது. பழசாகிவிட்டது என்று மட்டும் பயப்பட வேண்டாம். 23 வருடம் காய்ந்து கிடந்த ரத்தக்கறையில் இருந்தே ஆர்.என்.ஏ. எடுத்து 2012-ல் கட்டுரை வந்திருக்கிறது. எமன் ஈரம்தான்.

பெட்ரி தட்டு:
அவர் கேட்டது பிளாங்கைப் பற்றி. அதற்கும் உங்கள் உறைக்கும் என்ன சம்பந்தம்?

கயல்:
சண்டை வேண்டாம். குறிப்பேட்டில் ஒட்டிவைத்த அச்சுப்படியைத் தேடி எடுத்தேன். எச்.டி.என்.3 வர வேண்டிய இடம் வெறும் தட்டை. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் போடாத குழாயும் சுத்தம். அதே பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி: "சாயங்காலம் டிஷ்யூ, தொண்டை மிட்டாய் வாங்கணும்."