பிளேட் போட்ட இடுப்பில் மூட்டு மாற்று: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தேனிக்காரன்:
அம்மாவுக்கு 63 வயது. 2019-ல் கொல்லையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. முறிவைப் பிடித்து நிறுத்த டி.எச்.எஸ். என்ற, பெரிய ஸ்க்ரூவோடு கூடிய உலோக பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடி, இரண்டு வருடம் நன்றாகவே நடந்தார். இப்போது ரத்த ஓட்டம் இல்லாமல் மூட்டின் பந்து நசுங்கிவிட்டது. ராத்திரி வலியில் தூக்கமே இல்லை. ஒரு டாக்டர் பிளேட்டை எடுத்துவிட்டு அப்போதே மூட்டை மாற்றலாம் என்கிறார். இன்னொருவர் முதலில் பிளேட், சில வாரம் கழித்து மூட்டு என்கிறார். எதை நம்புவது?

தியேட்டர் அக்கா:
தம்பி, எலும்பு அறுவை தியேட்டரில் 22 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். முதலில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். எந்தக் கம்பெனி பிளேட், என்ன அளவு என்ற ஸ்டிக்கர் ஃபைலில் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி ஸ்க்ரூடிரைவர் மாறும். ஒரு பெரியவருக்கு அந்த விவரம் இல்லாமல் ஆரம்பித்து, ஸ்க்ரூவின் தலை தேய்ந்துபோய், அதை எடுக்கவே ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர் மயக்கத்தில் கிடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகளைப் பாருங்கள்; உடம்பில் அழற்சி இருந்தால் இவை கூடும். பழைய பிளேட்டைச் சுற்றிக் கிருமி வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கலாம். அளவு கூடினால் மூட்டு நீரை எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கிருமி இருந்தால் இரண்டு தடவைதான் சரி. இல்லை என்றால் பல சர்ஜன்கள் ஒரே தடவையில் முடிக்கிறார்கள். இரண்டு டாக்டரும் தப்பாகச் சொல்லவில்லை.

ஸ்க்ரூ எடுத்த ஓட்டைகளில் எலும்பு பலவீனமாக இருக்கும். அதனால் கடைசி ஓட்டையைத் தாண்டி, எலும்பின் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது கீழே போகும் நீளமான ஸ்டெம் (செயற்கை மூட்டில் தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு) வைப்பார்கள். அது தயாராக இருக்கிறதா என்று கேளுங்கள்.

கோவை மணி:
அப்பாவுக்கு ஒரே தடவையில்தான் செய்தார்கள். மூன்றரை மணி நேரம், இரண்டு யூனிட் ரத்தம். மறுநாளே வாக்கரில் நிற்க வைத்தார்கள். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட்டும் உயரமான நாற்காலியும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள். சம்மணம் போடக் கூடாது என்பதை அப்பாவுக்குப் பழக்குவதுதான் பெரும்பாடு.

தேனிக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, மணி அண்ணா. ஃபைல் வீட்டில் இல்லை. பழைய ஆஸ்பத்திரியில் ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) கொடுத்தால் ரெக்கார்ட் எடுத்துத் தருவார்களாம். பீரோவில் அந்த நம்பர் உள்ள சீட்டு மட்டும் கிடைத்தது. திங்கட்கிழமை போகிறேன்.